ஜனங்களுக்குப் பிடித்த குற்றம்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் வீட்டில் கலா ரசிகர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். காப்பி ஆயிற்று, அரட்டையும் ஆயிற்று. பிறகு, வந்திருந்தவர்களில் ஒருவர் கனமான புத்தகம் ஒன்றை மேஜைமேல் விரித்தார். ஓவியத்தைப் பற்றி நிறையப் படித்தவர். அதைவிட நிறையப் பேசுகிறவர். புத்தகத்தில் இருந்தவை ஜப்பானிய மர அச்சுப் படங்கள். கபூகி நாடக நடிகர்களை அவரவர் பேர் பெற்ற வேஷங்களில் காட்டும் படங்கள்.

ஒரு பக்கத்தைத் திருப்பி, "இது ஷராக்கு" என்றார். குரலில் கற்பூர வாசனை வீசியது. எல்லோரும் வாயடைத்துப் பார்த்தோம். ஐம்பது பக்கம் தள்ளி இன்னொன்றைக் காட்டி, "இது குனிசடா. வெறும் காலண்டர்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்பதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சபையில் பேசும் சாமர்த்தியம் எனக்குப் போதாது; நான் வாயைத் திறப்பதற்குள் பட்சணத் தட்டு வந்துவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்த வழக்கில் நான் நடுநிலைமை வகிப்பவன் அல்ல. வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன். அந்த விமரிசகர் என் கதை ஒன்றைக்கூடப் படித்ததில்லை என்று ஒரு சமயம் என்னிடமே சொன்னார். "ஜனங்களுக்கெல்லாம் ரொம்பப் பிடிக்கிறதாமே!" என்று காரணமும் சொன்னார். குனிசடாவுக்கு நான் வக்காலத்து வாங்குவதில் எனக்கும் கொஞ்சம் ஆதாயம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே வாசகர்கள் மேலே படிக்கலாம்.

கபூகியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. இன்று டோக்கியோ என்கிறோமே, அந்த நகரத்துக்கு 1868 வரையில் எடோ என்று பெயர். எடோ நகரத்து வியாபாரிகளும் கைத்தொழிலாளிகளும் பைத்தியமாகக் கிடந்த நாடகம் கபூகி. பிரபுக்களுக்கு 'நோ' என்று வேறொரு நாடகம் உண்டு. முகமூடியும் மெல்லிய நடையுமாகப் பரம கம்பீரமாக நடக்கும். கபூகி அப்படியல்ல. விடிந்ததும் ஆரம்பித்துப் பொழுது சாய்கிற வரையில் நடக்கும். சாப்பாடு, தேநீர், வம்பு, அழுகை எல்லாம் கொட்டகைக்குள்ளேயே. நடிகன் சபையின் நடுவே போட்ட நடைபாதை வழியாக, ஜனங்களின் தோளுக்குப் பக்கத்திலேயே நடந்து மேடைக்கு வருவான். 1629-இல் பெண்கள் மேடையேறக் கூடாதென்று அரசாங்கம் தடுத்துவிட்டதால், பெண் வேஷங்களையும் ஆண்களே போட்டார்கள். ஸ்திரீபார்ட் என்றால் நம்மவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

கதை உச்சத்துக்கு வரும்போது, நடிகன் தலையை ஒரு சுழற்றுச் சுழற்றி, விழியைப் புரட்டி, கையும் காலும் விறைக்க அப்படியே சிலையாக நிற்பான். மேடை ஓரத்தில் ஒருவன் இரண்டு கட்டைகளால் பலகையில் ஓங்கி அடிப்பான். அந்த க்ஷணத்தில் சபையிலிருந்து ரசிகன் ஒரு கூச்சல் போடுவான். நடிகனுடைய பெயரை அல்ல, அவனுடைய பரம்பரையின் வீட்டுப் பெயரை. இச்சிகாவா டான்ஜூரோ நின்றால், "நாரிடயா!" சவாமுரா சோஜூரோ நின்றால், "கினோகுனியா!" இந்தக் கூச்சலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், என் கட்சி இதன் மேல்தான் நிற்கிறது.

நாடகம் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவன் வழியிலே படக்கடையில் நுழைந்து, அந்த நிலையை அச்சடித்த காகிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு போவான். விலை, சோபா என்கிற இடியாப்பம் மாதிரிப் பண்டம் ஒரு கிண்ணம் சாப்பிடுகிற செலவுதான். சற்று முன்பின் இருக்கலாம். கூலிக்காரனுக்கும் எட்டுகிற விலை.

அந்தக் காகிதம் எப்படி உண்டாயிற்று? சித்திரக்காரன் மெல்லிய தாளில் தூரிகையால் கோடுகளை வரைந்து கொடுப்பான். அதைச் செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டி, செதுக்குகிறவன் தாளோடு சேர்த்து மரத்தை வெட்டுவான். மூலச் சித்திரம் அங்கேயே செத்துப் போகும்! ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை. பிறகு அச்சுக்காரன் பலகையில் சாயம் பூசி, காகிதத்தை மேலே பரப்பி, மூங்கில் மடல் சுற்றிய வட்டமான திண்டினால் தேய்த்துத் தேய்த்து எடுப்பான். நிறங்கள் ஒரு மயிரிழை விலகாமல் உட்கார வேண்டும். இதற்கெல்லாம் பணம் போடுகிறவன் பிரசுரகர்த்தன். எந்தப் படத்தை எடுத்தாலும் நாலு பேர் சேர்ந்து செய்த வேலை அது. தனியறையில் உட்கார்ந்து உலகத்தைச் சபிக்கிற மேதைக்கு இந்தத் தொழிலில் இடமே கிடையாது. ஆனால் நம் விமரிசகர்களுக்கு அந்த மேதை இல்லாமல் தூக்கம் வராது. ஆகவே ஷராக்குவைக் கண்டுபிடித்தார்கள்.

1794-ஆம் வருஷத்துக் கோடைக் காலத்தில் ஷராக்கு என்கிற பெயர் முதல் முறையாகப் படக்கடைகளில் தென்பட்டது. ஒரே வீச்சில் 28 படங்கள். மார்பு வரையில் பெரிய முகங்கள். பின்னால் அப்பிரகத் தூள் மினுக்கும் கருமையான வெளி. அந்தக் காலத்தில் எடோவின் மூன்று பெரிய கொட்டகைகளும் கடனில் மூழ்கி மூடிக் கிடந்தன. பதிலாக அனுமதி பெற்ற மூன்று கொட்டகைகளில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவற்றில் அந்த மாதம் ஆடிய வேஷங்களைத்தான் ஷராக்கு வரைந்தார். பத்து மாதங்களில் நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள். 1795-இன் ஆரம்பத்தோடு பெயர் மறைந்துவிட்டது.

அவருடைய படங்களில் உலகப் பிரசித்தமானது, மூன்றாம் ஓடானி ஓனிஜி என்ற நடிகர் எடோபெய் என்னும் அடியாள் வேஷத்தில் நிற்பது. பணத்தைப் பறிக்கப் பாய்கிறான். கழுத்து முன்னே நீண்டிருக்கிறது. வாய் ஒரு கோணல் கோடு. மார்பிலிருந்து இரண்டு கைகள் விரல் விரித்து முளைக்கின்றன. உடம்புக்குப் பொருத்தமில்லாத சின்னக் கைகள். அன்றிரவு எனக்கு அந்தக் கைகள் ஞாபகம் வந்துகொண்டே இருந்தன. திருடுகிறவனுடைய பேராசையும் பயமும் அந்த விரல்களில் இருக்கின்றன. இதைப் பெரிய கலை அல்ல என்று சொல்ல நான் பைத்தியக்காரன் அல்ல. கிழவர் எபிஸோவின் படமும் அப்படித்தான். மகள் செய்த பிழைக்காக வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகப் போகிற தகப்பன் வேஷம். ஐம்பதைக் கடந்த அந்த நடிகருடைய தொங்கும் மூக்கையும் இறுகிய வாயையும் பார்த்தால், கதை தெரியாதவனுக்கும் நெஞ்சு கனக்கும்.

சண்டை எங்கே வருகிறதென்றால், ஸ்திரீபார்ட்டில் வருகிறது.

கபூகியில் பெண் வேஷம் போடுகிறவர்கள் முன்தலை மயிரைச் சிரைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு காலத்தில் அரசாங்கம் உத்தரவு போட்டது. அவர்களைப் பார்த்து ஜனங்கள் மயங்கக் கூடாதாம்! நடிகர்கள் என்ன செய்தார்கள்? சிரைத்த இடத்தின்மேல் ஊதாப் பட்டுத் துணி ஒன்றை அழகாக வைத்துக்கொண்டார்கள். நாளடைவில் அந்தத் துணியே அழகின் சின்னமாகிவிட்டது. சபையில் இருக்கும் அத்தனை பேருக்கும் துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். தெரிந்தும் தெரியாதவர்களாக இருப்பதென்று நடிகனும் ரசிகனும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. நாடகம் என்பதே அந்த ஒப்பந்தம்தானே!

ஷராக்கு என்ன செய்தார்? மூன்றாம் சேகவா கிகுனோஜோவை வரைந்தார். எடோ நகரமே கொண்டாடிய ஸ்திரீபார்ட். ஷராக்குவின் படத்தில் பெண்ணின் உடுப்புக்குள்ளிருந்து நாற்பதைத் தாண்டிய ஓர் ஆண்பிள்ளையின் முகம் வெளியே பார்க்கிறது. துணியைத் தூக்கிக் காட்டிவிட்டார் மனிதர்! "ஆகா, என்ன உண்மை!" என்கிறார் நம் விமரிசகர். உண்மைதான். கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் நகை இரவல் என்று உரக்கச் சொல்வதும் உண்மைதான்.

அந்தக் காலத்து எழுத்தாளர் ஓடா நான்போ ஷராக்குவைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். நடிகர்களை அளவுக்கு மீறி உள்ளபடியே வரையப் போய், வரையத் தகாததையெல்லாம் வரைந்துவிட்டார், அதனால் நீடிக்கவில்லை என்பது அதன் சாரம். இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு ஒரு புராணமே கட்டியிருக்கிறார்கள். மேதை வந்தான், மூட ஜனங்கள் விரட்டினார்கள், 1910-இல் யூலியஸ் கூர்ட் என்ற ஜெர்மானியர் புத்தகம் எழுதி மீட்டார், அதுவரையில் ஜப்பானியருக்குக் கண் இல்லை!

கணக்குப் பார்ப்போம். ஷராக்குவின் பிரசுரகர்த்தர் சுடாயா ஜூசபுரோ. 1791-இல் அரசாங்கத்துக்குப் பிடிக்காத கதைப் புத்தகங்களை வெளியிட்டதற்காகச் சொத்தில் பாதியை அபராதமாக இழந்தவர். அப்படி அடிபட்ட வியாபாரி, மூன்று வருஷம் கழித்து, பெயரே தெரியாத ஒருவரை நம்பி அப்பிரகத் தூளோடு 28 படங்கள் போடுகிறார். அவை ஒன்றும் போகவில்லை என்றால், அடுத்து நூற்றுக்கு மேல் அச்சடிப்பாரா? தர்ம சத்திரமா நடத்தினார்? போனவரையில் போட்டார், போகாதபோது நிறுத்தினார். கடைசிப் படங்களில் ஷராக்குவே இளைத்துவிட்டார். உருவம் சிறுத்து, கோடு சோர்ந்து, பத்தோடு பதினொன்றாகிவிட்டார். அதை அவருடைய பரம பக்தர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

ஷராக்கு யார்? ஆவா பிரதேசத்துப் பிரபுவிடம் ஊழியம் செய்த சைட்டோ ஜூரோபெய் என்ற நோ நடிகர் என்று 1844-ஆம் வருஷத்துக் குறிப்பு ஒன்று சொல்கிறது. ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் இன்று அதைத்தான் ஏற்கிறார்கள். அது சரியானால், பிரபுக்களுடைய நாடகக்காரர் ஒருவர் ஜனங்களுடைய நாடகக்காரர்களைப் பார்த்து வரைந்த படங்கள் இவை. அந்தப் பார்வையில் ஓர் ஏளனம் கலந்திருக்கிறது என்று நான் ஊகிக்கிறேன். ஊகம்தான், ஆனால் கிகுனோஜோவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது உறுதிப்படுகிறது.

அதே 1794-இல் டொயோகுனி என்ற இளைஞரும் ஒரு வரிசை தொடங்கினார். நடிகர்களை முழு உருவமாக, மேடையில் நின்ற நிலையில் காட்டும் வரிசை. சோஜூரோவை ஷராக்குவும் வரைந்தார், டொயோகுனியும் வரைந்தார். ஷராக்குவின் முதல் 28 படங்களில் நடிகர் பெயர் கிடையாது. உடையில் உள்ள குலச் சின்னத்தைக் கொண்டுதான் அடையாளம் காண வேண்டும். டொயோகுனியின் படத்திலோ, 'கினோகுனியா' என்று பொறித்திருக்கிறது. கொட்டகையில் ரசிகன் போட்ட அதே கூச்சல்! காகிதத்தை எடுத்துப் பார்த்தால் காதில் கட்டைச் சத்தம் கேட்கும். ஷராக்கு நடிகனைப் பார்த்தார். டொயோகுனி அன்றைய ஆட்டத்தைப் பார்த்தார், ரசிகனோடு உட்கார்ந்து பார்த்தார். எடோ ஜனங்கள் டொயோகுனியை வாங்கினார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் வாங்கியிருப்பேன். ஓனிஜியின் படத்தை மட்டும் கடன் சொல்லியாவது வாங்கியிருப்பேன்.

இனி குனிசடா. டொயோகுனியின் சிஷ்யர், 1786-இல் பிறந்து 1865 வரையில் வாழ்ந்தவர், பிற்காலத்தில் குருவின் பெயரையே தரித்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான படங்கள் வரைந்து தள்ளியவர். அவற்றில் அவசரத்தில் பிறந்தவை ஏராளம். அதை மறைத்துப் பயனில்லை. வாரா வாரம் எழுதிக் கொடுப்பவனுக்கு அந்த அவசரம் நன்றாகவே தெரியும். ஆனால் விமரிசகர் சொன்ன குற்றம் அது அல்ல. "எல்லாம் ஒரே அச்சு முகம், ஒரே மூக்கு, ஒரே தாடை" என்றார்.

இந்தக் குற்றச்சாட்டுக்கு ஜப்பானிய அரசாங்கமே பதில் சொல்லியிருக்கிறது. 1842-இல் ஒழுக்கச் சீர்திருத்தம் என்று கிளம்பி, நடிகர் படங்களையே தடை செய்தார்கள். மற்றப் படங்களுக்கும் 16 மோனுக்கு மேல் விலை கூடாது, ஏழெட்டு நிறத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டளை. கொட்டகைகளை ஊருக்கு ஒதுக்குப்புறமாக விரட்டினார்கள். ஆடம்பரமாக வாழ்ந்தார் என்று ஏழாம் டான்ஜூரோவை நகரத்தைவிட்டே துரத்தினார்கள். ஐந்தாறு வருஷத்தில் பிடி தளர்ந்தது. நடிகர் படங்கள் மெல்லத் தலைகாட்டின. எப்படி? நடிகர் பெயர் இல்லாமல்! வேஷத்தின் பெயர் மட்டும் இருக்கும். "இது புராதன வீரன், நடிகன் யாரென்று எங்களுக்குத் தெரியாது, எஜமானே!" என்று அதிகாரியிடம் சொல்லிக்கொள்ளலாம்.

குனியோஷி என்ற இன்னொரு குறும்பர், சுவரில் யாரோ ஆணியால் கிறுக்கிய கிறுக்கல்கள் என்று சொல்லி ஒரு வரிசை போட்டார். அத்தனை கிறுக்கலும் நடிகர்களின் முகம்! கடைப் பையன் முதல் எல்லோருக்கும் தெரிந்தது.

1852-இல் குனிசடா, எடோவிலிருந்து கியோட்டோ போகும் ராஜபாட்டையின் சாவடிகளை வைத்து ஒரு பெரிய வரிசை வெளியிட்டார். பின்னால் ஊர்க் காட்சி. முன்னால் அந்த ஊருக்குப் பொருத்தமான நாடக பாத்திரம், அதற்குப் பொருத்தமான நடிகர் முகத்தோடு. சில நடிகர்கள் உயிரோடு இல்லாதவர்கள். அந்த வேஷத்தை மேடையில் கட்டாதவர்களும் உண்டு. "இந்த வேஷத்தை இவர் கட்டியிருந்தால் எப்படி இருக்கும்!" என்று ரசிகர்கள் திண்ணையில் பேசுவதைப் படமாக்கிக் கொடுத்தார். பெயர் ஒன்றுகூடப் போடவில்லை. ஜனங்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். ஒரே மூக்கு, ஒரே தாடை என்றால் யார் யார் என்று எப்படித் தெரிந்தது, ஐயா? செத்துப் போனவன் முகத்தையும் அடையாளம் கண்டுபிடிக்கும்படி வரைந்தவரை அச்சு முகக்காரர் என்பது, சீன தேசத்தார் எல்லோரும் எனக்கு ஒரே ஜாடையாகத் தெரிகிறார்கள் என்று சொல்வதைப் போல. பார்க்கிறவன் பழகவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. குனிசடாவின் பிற்காலப் படங்கள் பலவற்றில் செதுக்கியவர் பெயரும் மூலையில் இருக்கும். நெற்றியோரத்து மயிரை இழை இழையாக மரத்தில் வெட்டி எடுத்தவருக்கு அந்த மரியாதை. ஷராக்குவின் படங்களைச் செதுக்கியவர் யார் என்று படத்தில் தேடினால் கிடைக்காது. மேதைகளின் பக்கத்தில் இடம் கொஞ்சம் நெருக்கடி போலிருக்கிறது.

காலண்டர் என்றால் வசவு என்று அவர் நினைத்தார். என் தாயார் வருஷம் முடிந்த பிறகும் காலண்டர் முருகனைக் கிழித்தெறிய மனம் வராமல் சட்டம் போட்டு மாட்டினாள். வான்கோ என்னும் டச்சுக்காரர் பாரிஸில் அள்ளி அள்ளிச் சேர்த்த ஜப்பானியப் படங்களில் பெரும் பகுதி குனிசடாவும் அவர் வழி வந்தவர்களும்தான், மலிவாகக் கிடைத்தவை. அவற்றைத் தம் அறைச் சுவரில் ஊசி குத்தி மாட்டி வைத்துக்கொண்டார். நம் விமரிசகர் வான்கோவின் பெயரைச் சொல்லும்போதும் குரலில் கற்பூர வாசனை வரும்.

அதற்கு நேர் மாறாக, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் காட்சிசாலையில் ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921-இல் கொடுத்த ஆயிரக்கணக்கான மர அச்சுப் படங்கள் இருக்கின்றன. நிறம் மங்கிவிடும் என்பதற்காக, ஒருபோதும் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுக் கொடுத்தார்கள். நிறம் அப்படியே புத்தம் புதிதாக இருக்கிறதாம், இருட்டில். சோபாக் கிண்ண விலைக்கு வாங்கி, சுவரில் ஒட்டி, புகை பிடித்து, குழந்தை கிழித்து முடிந்துபோன படங்களை நினைத்துக்கொள்கிறேன். அவை பிறந்த காரியத்தைச் செய்துவிட்டுப் போயின.

அன்று நண்பரிடம் அந்தப் புத்தகத்தை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கி வந்தேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குனிசடாவின் பக்கத்தை விரித்து வைத்திருந்தேன். முகத்திலும் உடம்பிலும் வெட்டுத் தழும்புகளோடு ஓர் இளைஞன். கண்ணில் ஒரு கேலி, அதற்குப் பின்னால் ஒரு தாபம். என் மனைவி பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு வந்தவள், தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க இது? ரொம்பப் பட்டவன் மாதிரி இருக்கானே."

சொன்னேன். பெயர் யோசபுரோ. நல்ல வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. ரௌடித் தலைவன் ஒருவனுடைய ஆசைநாயகி ஓடோமியின் மேல் மனசு வைத்தான். பிடித்து 34 இடத்தில் வெட்டிப் போட்டார்கள். அவள் கடலில் விழுந்தாள். செத்துப் போனாள் என்றே நினைத்தான். மூன்று வருஷம் கழித்து, கூட்டாளி ஒருவனோடு மிரட்டிக் காசு பறிக்க ஒரு வீட்டுக்குப் போகிறான். வீட்டுக்காரி முகத்தைத் திருப்புகிறாள். அவள்தான்.

"அப்புறம்?"

அது நாடகம், 1853-இல் எட்டாம் டான்ஜூரோவுக்காகவே எழுதியது. ஊரைவிட்டுத் துரத்தினார்களே, அந்த டான்ஜூரோவின் மகன். அவன் நின்றால் எடோப் பெண்களுக்கு மூச்சு நிற்கும். அடுத்த வருஷம் ஓஸாகாவுக்கு நாடகம் போடப் போனவன், அங்கே தங்கியிருந்த இடத்தில் தற்கொலை செய்துகொண்டான். அவர்கள் கணக்கில் 32 வயது. செய்தி வந்ததும் படக்கடைக்காரர்கள் நூறு தினுசுக்கு மேல் அஞ்சலிப் படம் போட்டார்கள். ஒன்றில், புத்தர் பரிநிர்வாணம் அடைந்த கோலத்தில் அவன் படுத்திருக்கிறான். சுற்றிலும் பெண்கள் விழுந்து புரண்டு அழுகிறார்கள்.

நான் பக்கத்தைத் திருப்பப் போனேன்.

"இருங்க, மூடாதீங்க" என்றாள். மூக்குக் கண்ணாடியை எடுத்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தழும்பாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் என்று வாங்கிய புத்தகம் மூன்று வாரமாக என் வீட்டில் இருக்கிறது. நண்பர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்.